நாப்பத்திரண்டு தட்டும் ஒரு மூட்டை டின்னும்

நவம்பர் 6
லாரி ஷெட்

அக்காவுக்கு,

சௌக்கியமான்னு கேக்க மாட்டேன். சௌக்கியமாத்தான் இருப்ப. தம்பி தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டு எந்த அக்காவும் இளைச்சுப் போனதா நான் கேள்விப்பட்டதில்லை.

நேத்து அணைக்கட்டு ஆபீஸ் கிளார்க் ஷெட்டுக்கு வந்தார். என் காசுல டீயைக் குடிச்சு முடிச்சிட்டு, போற போக்குல சொல்றார்: "இந்தக் குளிருக்கு மேல் மெஸ்ஸுக்கு டின்ல அடைச்ச காய் வேண்டாமாம். உங்க அக்காவே தோட்டத்துல விளைஞ்சதைப் பதப்படுத்தி வச்சுட்டாங்களாமே, உங்களுக்குத் தெரியாதா?" தெரியும்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது? டிரைவர்கள் எல்லாம் பக்கத்துல நிக்கிறாங்க.

மூணு வருஷமா, ரோடு பனியில மூடறதுக்கு முன்னாடி மலை மேல அணையில நீ சமைக்கிற மெஸ்ஸுக்கு டின் ஏத்தறவன் நான்தான். வெளியாள் என் பிழைப்புல கை வச்சிருந்தா சட்டையைப் பிடிச்சிருப்பேன். நீ வச்சா யாரைப் பிடிக்கிறது?

பெரிய இன்ஜினியர் உனக்குப் போட்ட நிபந்தனையையும் கிளார்க் சொன்னார். ரோடு மூடின நாள்லேர்ந்து திறக்கிற வரைக்கும் காய் இல்லாம ஒரே ஒரு தட்டு போனாலும் அடுத்த வருஷம் மறுபடி டின். நீ சமையலை விட்டுட்டுக் கீழ் மெஸ்ஸுல ரெண்டாவது ஆளா வெங்காயம் உரிக்கப் போகணும். நாப்பத்திரண்டு பேர், மூணரை மாசம்! பிப்ரவரியில டின் கேட்டு எனக்கு ஆள் அனுப்புவ, பாரு.

அணையில இருக்கிற ஒரே ஃபோன் இன்ஜினியர் மேசையில இருக்கு. அதுல உங்கிட்ட சண்டை போட முடியாது, அதான் எழுதறேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை முதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?

தம்பி


நவம்பர் 13
மேல் மெஸ்

தம்பி,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். முதல் தடவை கோவம் வந்தது. ரெண்டாவது தடவையும் கோவம்தான். மூணாவது தடவை படிச்சிட்டிருக்கிறப்ப அடுப்புல பால் பொங்கிடுச்சு, அந்தக் கோவமும் உன் மேலதான்.

உன் டின்னைத் திறந்து நீ என்னிக்காவது தின்னிருக்கியா? கண்ணை மூடிட்டு வாயில போட்டா பீன்ஸ் எது, கேரட் எதுன்னு சொல்ல முடியாது. எல்லாத்துக்கும் ஒரே ருசி, தகர ருசி. போன பிப்ரவரியில ஒருநாள் வெல்டர் தட்டைத் தள்ளி வச்சுட்டு எழுந்து போயிட்டார். திட்டியிருந்தாக்கூட திருப்பிப் பேசியிருப்பேன். சமைக்கிறவளுக்கு அதைவிட வேற என்ன அவமானம் வேணும்? ஸ்டோர் ரூம்ல போய்க் கதவைச் சாத்திட்டு அழுதேன். மறுநாளே மெஸ்ஸுக்குப் பின்னாடி இருக்கிற சரிவுல பாத்தி கட்டறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

மாவு, பருப்பு, எண்ணெய் எல்லாம் எப்பவும் போல ஆபீஸ் பொறுப்பு. காய் மட்டும் என் பொறுப்பு. என்ன வச்சிருக்கேன்னு கேட்டுக்கோ, வயிறு எரியட்டும். தக்காளி நூத்தி நாப்பது பாட்டில். பீன்ஸ் அறுபது. முட்டைக்கோஸை உப்புல அமுக்கி ஆறு பீப்பாய். கத்திரிக்காயும் கீரையும் காளானும் கூரையில காயப்போட்டு மூட்டை கட்டியாச்சு. உருளைக்கிழங்கும் கேரட்டும் டர்னிப் கிழங்கும் மணல்ல புதைச்சு நிலவறையில இருக்கு. பச்சை மிளகாயைப் பத்தி நீ கேக்கவே வேண்டாம், அது உன் வாய் மாதிரி, தீரவே தீராது.

பூசணிதான் தகராறு பண்ணுச்சு. நிலவறை ஈரத்துல அது அழுகிடும். காய்ஞ்ச, லேசா கதகதன்னு இருக்கிற இடம் வேணும். அணையில அப்படி இருக்கிறது ஆளுங்க தூங்கற ரூம்தான். அதனால ஆளுக்கு ஒரு பூசணி கையில குடுத்துட்டேன். கட்டிலுக்கு அடியில வச்சுக்கணும், வாரம் ஒரு தடவை புரட்டிப் பாக்கணும், கீறல் விழுந்தா உடனே எங்கிட்ட கொண்டு வரணும். இன்ஜினியர் உள்பட எல்லார் கட்டிலுக்கு அடியிலயும் இப்ப ஒண்ணு உக்காந்திருக்கு.

உங்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேக்கற. சொன்னா சிரிப்ப. "ஆரம்பிச்சுட்டாய்யா"ன்னு ஒரு சிரிப்பு சிரிப்பியே, அது. நீ சிரிச்சா எனக்குக் கை ஓடாது. அவ்வளவுதான் விஷயம்.

பிப்ரவரியில ஆள் அனுப்புவேனா? மூஞ்சியைப் பாரு!

அக்கா


டிசம்பர் 4
லாரி ஷெட்

அக்கா,

ரோடு நவம்பர் இருபத்தெட்டோட மூடியாச்சுன்னு போர்டு வச்சுட்டாங்க. இனிமே வாரம் ஒரு தடவை கம்பிக் கயித்துல தொங்கிட்டுப் போற பெட்டியில தபால் பையும் மருந்தும் போறதோட சரி. லாரி ரெண்டையும் தார்ப்பாய் போட்டு மூடிட்டேன். மேல ஏத்த வேண்டிய டின் அப்படியே ஷெட்டுல சுவர் மாதிரி நிக்குது. உன் வீட்டு நாத்தனார், அதாவது என் பொண்டாட்டி, அதுக்குப் பக்கத்துல கயிறு கட்டித் துணி காயப் போடறா.

நான் சிரிப்பேன்னு சொல்லிட்ட. சரி, ஒத்துக்கறேன், பூசணி விஷயத்துக்குச் சிரிச்சேன். டிரைவர்கள்கிட்ட படிச்சுக் காட்டினேன், அவங்களும் சிரிச்சாங்க. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? நீ அழுததை நான் அவங்களுக்குப் படிக்கலை. எனக்கு அது தெரியாது அக்கா. மூணு வருஷம் டின் இறக்கிட்டு உன் கையால டீ வாங்கிக் குடிச்சிருக்கேன், ஒரு தடவைகூட நீ சொல்லலை.

அதுக்காக ஜெயிச்சுடுவன்னு நினைக்காதே. இன்னும் நூறு நாள் இருக்கு.

தம்பி


டிசம்பர் 22
மேல் மெஸ்

தம்பி,

நாத்தனாரா? என் தம்பி பொண்டாட்டி எனக்கு நாத்தனாரா? முறை தெரியாதவன்கிட்டயெல்லாம் டின் வாங்கித் தின்னதை நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு. அவளுக்குத்தான் நான் நாத்தனார். அவகிட்ட சொல்லு, துணியை வெயில்ல போடச் சொல்லி.

இருபத்தஞ்சு நாள் ஆச்சு. ஒரு தட்டு திரும்பி வரலை! காய்ஞ்ச கத்திரிக்காயை வெந்நீர்ல ஊறவச்சு, தக்காளிப் பாட்டில் நாலைக் கவுத்து, பூண்டைத் தட்டிப் போட்டு மெதுவா வேக விட்டேன். மூடியைத் திறந்ததும் டர்பைன் ஹால் வரைக்கும் வாசனை போயிருக்கு. ஷிப்டு முடியாத ஆளெல்லாம் ஜன்னல்ல எட்டிப் பாக்கறாங்க. போன ஆகஸ்டு வெயில் முழுக்க அந்தப் பாட்டில்ல இருந்துச்சுடா. வெளியில ஆள் உயரத்துக்குப் பனி, தட்டுல சிவப்பா தக்காளி. வெல்டர் மூணாவது தடவை ரொட்டியை எடுத்து வழிச்சுத் தின்னார். நான் பாக்காத மாதிரி நின்னேன், ஆனா பாத்தேன்.

ஒரே ஒரு பிரச்சினை. கிரேன்காரர் தன் பூசணியைக் குடுக்க மாட்டேங்கிறார். வாராவாரம் புரட்டிப் புரட்டிப் பாசம் வந்துடுச்சாம். அதுக்குத் துண்டு போத்தி வச்சிருக்கார், அம்பது வயசு மனுஷன். "எல்லாரோடதும் முடியட்டும் சமையலம்மா, என்னுது கடைசி"ங்கிறார். பாக்கலாம்.

அக்கா


ஜனவரி 9

தம்பி,

இதைக் கேலி பண்ண வேண்டாம். பண்ணினாலும் பதில் மட்டும் அடுத்த பெட்டியிலயே போடு.

பீன்ஸ் பாட்டில் மூடியெல்லாம் மேல உப்பிட்டு இருக்கு. தண்ணி கலங்கியிருக்கு. முதல்ல நாலு, அப்புறம் பன்னெண்டு, இன்னிக்குப் பாத்தா பாதிக்கு மேல. தக்காளி எல்லாம் கண்ணாடி மாதிரி நல்லாத்தான் இருக்கு. ரெண்டையும் ஒரே அண்டாவுல, ஒரே நேரம்தான் கொதிக்க வச்சேன். எங்க தப்புன்னு புரியலை.

டின் கம்பெனிக்குள்ள நீ போயிருக்கே. அங்க பீன்ஸை என்ன பண்றாங்க? நல்லா இருக்கிற மாதிரி தெரியறதைக் கொதிக்க வச்சுப் போடலாமா? ஒரு நாளைக்கு ஆறு பாட்டில்னு கணக்கு, பத்து நாள் சாப்பாடு அது.

அக்கா


ஜனவரி 15
லாரி ஷெட்

அக்கா,

போடாதே. ஒண்ணைக்கூடப் போடாதே. நல்லா இருக்கிற மாதிரி தெரியறதையும் சேத்துத்தான் சொல்றேன். நாக்கு நுனியில வச்சுக்கூடப் பாக்காதே. நாய்க்கும் போடாதே. மூடியைத் திறக்காம அப்படியே ஆழமா குழி தோண்டிப் புதை, கையை சோப்புப் போட்டுக் கழுவு.

தக்காளியில புளிப்பு இருக்கு, அதுவே அதுக்குக் காவல். பீன்ஸுக்கு அது கிடையாது. கம்பெனியில பீன்ஸை வெறும் கொதியில விட மாட்டாங்க. ஆள் உயரத்துக்கு பிரஷர் குக்கர் மாதிரி ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள பூட்டி வைப்பாங்க. அங்க இருக்கிற மேஸ்திரி எங்கிட்ட சொல்லியிருக்கார், கெட்டுப்போன பீன்ஸ் ஆளையே முடிச்சுடும்னு. இதை நீ போன வருஷமே கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். சரி, விடு.

இப்ப நான் சொல்றதைக் கேளு. மருந்துப் பெட்டி அனுப்பற ஆள் எனக்கு வேண்டியவர். வாரத்துக்குப் பத்து டின் மருந்தோட மருந்தா வச்சு அனுப்பிடுவார். டின் மேல ஒட்டியிருக்கிற பேப்பரைக் கிழிச்சுட்டு அனுப்பறேன். தக்காளியில போட்டு வேக வச்சா யாருக்குத் தெரியும்? எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீ வெங்காயம் உரிக்கப் போறதை நான் பாக்க வேண்டாம், அவ்வளவுதான்.

தம்பி


ஜனவரி 23
மேல் மெஸ்

தம்பி,

அறுபதையும் புதைச்சாச்சு. பனியைத் தோண்டி, அதுக்குக் கீழ மண்ணைத் தோண்டி, கிரேன்காரரும் வெல்டரும் குழி வெட்டினாங்க. ஒவ்வொரு பாட்டிலா நான்தான் இறக்கினேன். செப்டம்பர்ல ஒரு வாரம் குனிஞ்சு நாரெடுத்த பீன்ஸ் அது. இடுப்பு இன்னும் ஞாபகம் வச்சிருக்கு. இன்ஜினியர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். "நிபந்தனை அப்படியே இருக்கு"ன்னார். "இருக்கட்டும்"னு சொல்லிட்டு வந்தேன்.

பேப்பரைக் கிழிச்சுட்டு அனுப்புவியா? உன்னை என்ன பண்ணலாம்! நாப்பத்திரண்டு பேர் என்னை நம்பித் தட்டை நீட்டறாங்க. அதுல நான் திருட்டு டின் போடறதுக்கு, ஆயுசு பூரா வெங்காயம் உரிச்சுட்டுப் போறேன். அனுப்பினா பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்புவேன்.

ஆனா கையைக் கழுவச் சொன்ன பாரு, அதைப் படிச்சிட்டுப் போய் இன்னொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இப்ப என்ன பண்றேன்னு சொல்றேன். டர்பைன் ஹால் எப்பவும் சூடா இருக்கும், பெரிய பெரிய ஜன்னல். சமையல்ல வெட்டி எறியற டர்னிப் தலை, கேரட் தலை, முளைவிட்ட வெங்காயம், பூண்டு எல்லாத்தையும் தட்டுல ஈர மண்ணு போட்டு நட்டு அங்க வரிசையா வச்சிருக்கேன். எட்டே நாள்ல விரல் நீளம் கீரை! மெஷின் ஓட்டறவங்க கையில எண்ணெயோட வந்து தண்ணி ஊத்தறாங்க. அதைக் கிள்ளி உருளைக்கிழங்கு சூப்புல மேல தூவினா, பச்சை நிறத்தைப் பாத்தே பாதி வயிறு நிறையுது.

அக்கா


பிப்ரவரி 20
லாரி ஷெட்

அக்கா,

டின் அனுப்பலை. பயம்தான், வேற என்ன.

கெட்ட சேதி ஒண்ணு. மார்ச் எட்டாம் தேதி ரோடு திறக்கும்னு சொன்னாங்கல்ல, பத்தாவது மைல்ல பனி மொத்தமா சரிஞ்சு விழுந்துடுச்சு. இருபதாம் தேதிக்கு முன்னாடி கிடையாதுன்னு ரோடு ஆபீஸ்ல சொல்றாங்க. உனக்கு எது வரைக்கும் தாங்கும்? மறைக்காம எழுது. ரோட்டை வெட்டிட்டுப் போற வண்டிக்குப் பின்னாடி முதல் லாரி என்னுதுதான்னு பேர் குடுத்திருக்கேன். டின் ஏத்தியாச்சு. கோவப்படாதே. ஏத்தறது என் தொழில்.

தம்பி


மார்ச் 3
மேல் மெஸ்

தம்பி,

பதிமூணாம் தேதி மத்தியானம் வரைக்கும். அவ்வளவுதான். பீப்பாயில அடி தெரியுது, தக்காளி பதினோரு பாட்டில். ஜன்னல் கீரை ஒரு வேளைக்கு ஒப்புக்குத் தூவலாம், அதைக் காய்னு சொன்னா எனக்கே மனசு ஒப்பாது. கிரேன்காரர் துண்டை எடுத்துட்டு பூசணியைத் தானே தூக்கிட்டு வந்து மேசை மேல வச்சார். வெட்டறப்ப வெளியில போய் நின்னுட்டார்.

அந்தப் பத்து நாள் பீன்ஸ் இருந்திருந்தா இருபத்தி மூணு வரைக்கும் போயிருக்கும். நினைச்சா நெஞ்சு எரியுது. பக்கத்துல யாரும் இல்லாதப்ப என்னையே திட்டிக்கறேன்.

ஒரு யோசனை இருக்கு. இப்ப சொல்ல மாட்டேன். சிரிப்ப.

அக்கா


மார்ச் 27
லாரி ஷெட்

அக்கா,

கீழ வந்து சேந்தாச்சு. நேர்ல சொல்ல வரலை, எழுதினாத்தான் வரும், அதனால எழுதறேன்.

நான் எதுக்கு மேல வந்தேன்னு நினைக்கற? உதவி பண்ணவா? இல்லை. நீ தோக்கறதைப் பாக்கத்தான் வந்தேன். பாத்துட்டு, "போகட்டும் அக்கா"ன்னு பெரிய மனுஷன் மாதிரி டின்னை எடுத்து வைக்கணும்னு ஆசை. அதுக்காகத்தான் லாரியை எட்டாவது மைல்ல விட்டுட்டு, ரோடு வெட்டற ஆளுங்க ஏழு பேரோட, முதுகுல ஒரு மூட்டை டின்னோட இடுப்பளவு பனியில நடந்தேன். வாசல்ல வந்து நிக்கிறேன். நீ என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்துட்டு என்ன சொன்ன? "மூட்டையை செருப்போட வெளியில விட்டுட்டு உள்ள வா." அதுவும் பதிமூணாம் தேதி மத்தியானம், சாயங்காலத்துக்கு அடுப்படியில ஒரு காய் இல்லாதப்ப. அந்தத் திமிரை எங்க வாங்கினே?

அப்புறம் சொன்ன, நவம்பர்ல பனி அஞ்சு நாள் முந்திக்கிச்சு, மூணு பாத்தி கேரட்டும் டர்னிப்பும் பிடுங்க முடியாம மண்ணுலயே போச்சுன்னு. அழுகிப் போயிருக்கும்னு இன்ஜினியர் சொன்னார். நானும்தான் சொன்னேன். நீ இடுப்புல கையை வச்சுட்டுச் சொன்ன: "வைக்கோல் போத்தியிருக்கேன். அதுக்கு மேல ரெண்டு ஆள் உயரம் பனி. அவ்வளவு கம்பளி போத்தினவனுக்கு எப்படிக் குளிரும்?" நான் சிரிக்கலை அக்கா. சத்தியமா சிரிப்பு வரலை.

கிரேன்காரர் அந்தப் பெரிய வாளியை இறக்கி பாத்தி மேல இருந்த பனியை அள்ளினாரே, அணையே வேலையை விட்டுட்டு வேடிக்கை பாத்துச்சு. கடைசி ஒரு முழம் மண்வெட்டி. யார் தோண்டினது? டின்காரன்! வைக்கோலை விலக்கினேன். மண்ணு உறையவே இல்லை, கையை விட்டா உள்ள போகுது. இலையைப் பிடிச்சு இழுத்தேன். வந்துச்சு பாரு! நீளமா, சிவப்பா, முறிச்சா சடக்குன்னு முறியுது. சட்டையில துடைச்சுட்டு அங்கயே கடிச்சேன். குளிர்காலம் பூரா பனிக்குள்ள படுத்துட்டு இனிப்பை ஏத்தி வச்சிருக்கு. நான் கத்தினேன். என்ன கத்தினேன்னு ஞாபகம் இல்லை. வெல்டர் என்னைத் தூக்கிச் சுத்தினார், அது ஞாபகம் இருக்கு.

அன்னிக்கு சாயங்காலம் அம்பது தட்டு. நாப்பத்திரண்டுதானே கணக்கு, நாங்க எட்டு பேர் அதிகப்படி, நீ முகம் சுளிக்கலை. அடுப்புல சுட்ட கேரட், வதக்கின டர்னிப், மேல ஜன்னல் கீரை. நான் ரெண்டாவது தடவை கேட்டதுக்கு, "டின் வேணுமா, வாசல்ல இருக்கு"ன்ன. எல்லார் முன்னாடியும்! சிரிச்சு சிரிச்சு எனக்குப் புரையேறிடுச்சு.

ரோடு திறக்கிற வரைக்கும் தினம் உன் கையால தின்னேன். இப்ப வீட்டுல எதைப் போட்டாலும் உப்பில்லைன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கறேன். டிரைவர்கள்கிட்ட எங்க அக்கா, எங்க அக்கான்னு பேசிப் பேசி அவங்க என்னைக் கண்டாலே நழுவறாங்க.

தோத்தது நான்தான். சந்தோஷமா தோத்தேன். ஆனா அடுத்த நவம்பர்ல லாரியை என்ன பண்றதுன்னு தெரியலை. அதை உங்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?

தம்பி


ஏப்ரல் 5
மேல் மெஸ்

தம்பி,

ஜெயிச்சுட்டேன்டா!

அடக்கமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியலை. நூத்திப் பதினாலு நாள். ஒரு தட்டு காலியா போகலை. இன்ஜினியர் இன்னிக்கு எல்லாரையும் மெஸ்ஸுல நிக்க வச்சு அதைப் படிச்சார். கை தட்டறாங்க, தட்டைத் தட்டறாங்க, கரண்டியால மேசையைத் தட்டறாங்க. அமைதியா வணக்கம் சொல்லிட்டுப் போயிருக்கலாம். நான் ஸ்டூல் மேல ஏறி நின்னு, "இன்னொரு தடவை தட்டுங்க!"ன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். போன வருஷம் பிப்ரவரியில ஸ்டோர் ரூம்ல கதவைச் சாத்திட்டு அழுதவ நான். அந்தக் கைதட்டல் எனக்கு வேணும்தானே?

இப்ப முக்கியமான விஷயம். கைதட்டல் முடிஞ்சதும் அவர் அடுப்படிக்கு வந்து கேட்டார்: கீழ் மெஸ், சுரங்க மெஸ், இது, மூணுக்கும் அடுத்த குளிருக்கு நானே காய் பதப்படுத்தித் தர முடியுமான்னு. இருநூறு பேர். இந்தச் சரிவு பத்தாது, கீழ இருக்கிற தோட்டக்காரங்ககிட்ட எல்லாம் பறிச்ச அன்னிக்கே வாங்கி மேல கொண்டு வரணும். பாட்டில் வேணும், பீப்பாய் வேணும். பீன்ஸுக்கு அந்த ஆள் உயர பிரஷர் பாத்திரம் வேணும், அந்த மேஸ்திரியைப் பிடிச்சுக் கத்துக்கணும். இதுல பாதி வேலை அடுப்புல, பாதி வேலை ரோட்டுல. ரோட்டு வேலை எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் ஒருத்தன்தான் எனக்கு இருக்கான். நீ சேந்தா நான் செய்யறேன். நீ வரலைன்னா எனக்கு இந்த ஒரு மெஸ் போதும்.

அவர் இன்னும் வாசல்ல நிக்கிறார், "என்னம்மா, சரியா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாச்சு. நான் வாயைத் திறக்கலை. இந்தத் தடவை உனக்குத்தான் முதல்ல சொல்றேன். நீ பதில் போடற வரைக்கும் பெரிய இன்ஜினியர் காத்துட்டு இருக்கட்டும்.

அக்கா